இடம் கோரல்

கடவெண் தபாலில்தான் வந்தது.
ஐந்து நாள் காத்திருந்து, உறையைக் கிழித்து,
எண்ணை ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் பார்த்து அமுக்க
என் வயிறு போனுக்குள் திறந்தது.

டொக்டர் வியாழன்தான் பேசுவா.
அறிக்கை செவ்வாய் இரவே வந்துவிட்டது.

துவாரகனிடம் காட்டியிருக்கலாம்.
வரிக் கடிதம், வாடகைக் கடிதம்,
ஏழு வயதிலிருந்து அவன்தான் எனக்கு வாசிப்பான்.
ஆனால் இதில் சூலகம் வரும்.
இருபத்துநாலு வயதுப் பிள்ளை
அம்மாவின் சூலகத்தை எந்த முகத்தோடு மொழிபெயர்ப்பான்?
குசினிக் கதவைச் சாத்திவிட்டு
செயலியிடம் கொடுத்தேன்.
அதற்கு முகமில்லை.

ரவும்ஃபோர்டருங் என்றிருந்தது டொச்சில்.
இடது சூலகத்தில் ஆறு சென்டிமீட்டர்
இடம் கோரல் என்றது தமிழில்.

யன்னலுக்கு வெளியே வுப்பர் ஆற்றின் மேலே
தொங்கு ரயில் தன் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
இடம் கோரல்.
எண்பத்தேழில் நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன்,
மூன்று பிரதியில், நடுங்கும் கையெழுத்தில்.
இதுவும் அப்படி ஏதோ ஒன்று,
குளிருக்கு ஒதுங்க வந்திருக்கிறது, பாவம் என்று
அரை நிமிஷம் நினைத்தேன். உண்மையாய்.

அடுத்த வரி:
கெட்ட குணம் உடையதாய் இருக்கலாம்.

யாருடைய குணம்?

இரவு ஒன்றரைக்குத் தேடக்கூடாது.
தமிழில் தேடினேன், முள்ளுச்சீத்தா இலை வந்தது,
வெள்ளை வேட்டியில் ஒருவர், பதினோரு நிமிஷம்,
கீழே பணம் அனுப்பும் இலக்கம்.
டொச்சில் தேடினேன், நூறு பொம்மைப் பெண்கள்
வரிசையாய் நின்றார்கள்,
பாதிக்கு மேல் சாம்பல் நிறம்.
என்னை எந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வியாழன், எல்பர்ஃபெல்ட், மூன்றாம் மாடி.
மேசை நடுவில் ஒலிபெருக்கியில் போன்.
அதற்குள் ஒரு தமிழ்க் குரல், எந்த ஊர்ப் பிள்ளையோ,
சூலகம் என்று கூச்சமில்லாமல் சொன்னது.
குணம் கெட்டது என்றால் என்ன என்று கேட்டேன்.
டொக்டர் சொல்ல முதல் அது ஒருக்கா மூச்சிழுத்தது.
பிறகு டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னது:
புற்றுநோய், அக்கா.
அக்கா என்று டொக்டர் சொல்லியிருக்க மாட்டா.

வெள்ளிக்குள் ரொறன்ரோ வரை தெரிந்துவிட்டது.
சீனியை விடுங்கோ, அது பட்டினியில் செத்துப்போம் என்று
மச்சாளின் குரல்செய்தி. யார் சொன்னது என்று கேட்டேன்.
எல்லாரும் சொல்லீனம் என்றா.

மருந்து ஏறத் தொடங்கியதும்
தாதி டிலெக் போனில் ஐந்து முகங்களைப் போட்டுத் தந்தாள்.
களைப்பு? வலி? வாந்தி?
தினமும் நடு முகத்தை அமுக்கினேன்,
ஒருவருக்கும் கரைச்சல் வேண்டாமென்று.
பதினெட்டு நாளாய் ஒரே முகம், என்றாள் டிலெக்.
இது நீங்களா, உங்கள் மரியாதையா?

மூன்றாம் சுற்றுக்குப் பிறகு ஓர் இரவு
முப்பத்தெட்டு தசம் நாலு.
கடைசி முகத்தை அமுக்கினேன்.
நாலு நிமிஷத்தில் போன் அடித்தது.
என் பெயரை மூன்று இடத்தில் முறித்துக் கூப்பிட்ட குரல்
உடனே வா என்றது.
துவாரகன் கார் ஓட்டினான். சிவப்பு விளக்கில் கேட்டான்:
அந்த அறிக்கையை ஏனம்மா எனக்குக் காட்டேல்லை?
சூலகம், என்றேன்.
அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.
சரி, என்றான்.
விளக்கு மாறி எவ்வளவோ நேரம்.

இன்றைக்கு வந்த அறிக்கை:
புதிய இடம் கோரல் எதுவும் தென்படவில்லை.
இந்த முறை அவன்தான் வாசித்தான்,
ஒரு சொல்லையும் விழுங்காமல்.
மச்சாளுக்கு எடுத்துச் சொல்லப் போனான்.

கடைசியில் ஒரு வரி மிச்சம் இருந்தது.
மறுபரிசோதனை: ட்ரை மோனாட்டே.

மூன்று மாதம்.
இந்த நாட்டில் என் முதல் ஆறு வருஷமும்
மூன்று மாதம் மூன்று மாதமாய்த்தான் முத்திரை குத்தித் தந்தார்கள்.
அதற்குள் கடன் கட்டினேன், சைக்கிள் பழகினேன்,
கிழியும் என்று தெரிந்தும் திரைச்சீலை தைத்தேன்.
இதை வாசிக்க எனக்கு
ஒருவரும் வேண்டாம்.